சிவப்புக் கோடு வலப்பக்கம்

அத்தியாயம் பதினொன்று

காலை எட்டேகாலுக்கு விளக்கு அணைந்தது. பெட்டியம்மா எழுதிக்கொண்டிருந்த காகிதத்திலிருந்து கண்ணை எடுக்காமல், இடது கையைத் தலைக்கு மேல் தூக்கி ஒருமுறை ஆட்டினாள். விளக்கு எரிந்தது.

கிடங்கை ஒட்டிய அந்த அறைக்குச் சன்னல் கிடையாது. ஆள் நடமாடினால் எரிந்து, பத்து நிமிடம் எதுவும் அசையாவிட்டால் தானாக அணைகிற விளக்குகள். இருபத்திரண்டு பேர் உட்கார்ந்திருந்த காலத்தில் அவை அணைந்து யாரும் பார்த்ததில்லை. ஒருவர் தண்ணீர் குடிக்க எழுந்து போவார், இன்னொருவர் சோம்பல் முறிப்பார். இப்போது மிச்சம் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, அவள். ஒருத்தி உட்கார்ந்து எழுதுவதை அந்த விளக்கு நடமாட்டமாக எடுத்துக்கொள்வதில்லை.

எண்ணெய் நிறுவனம் மூட்டை கட்டிவிட்டது. போன வாரம் மேலாளரும் விமானம் ஏறிவிட்டார். கிடங்குப் பொறுப்பாளரான பெட்டியம்மா மட்டும் பாறைப் பெட்டிகளை ஒப்படைக்கப் பின்தங்கியிருக்கிறாள். அதற்கு ஒப்பந்தம் தந்த அவகாசம் அறுபது நாள். இன்று அறுபதாவது நாள். பெட்டிகளைப் பார்த்து ஏற்றுக்கொள்ள அரசாங்கம் அனுப்பும் ஆய்வாளர் வேறு யாருமல்ல, அவளுடைய தம்பி. பத்து வருடமாக அவள் அவனோடு பேசுவதில்லை.

இந்த ஒப்படைப்பு என்பது என்ன என்று சொல்லிவிட வேண்டும். மண்ணுக்கு அடியில் இருப்பதெல்லாம் அரசாங்கத்துக்குச் சொந்தம். எண்ணெய் தேட ஒரு நிறுவனத்துக்கு நிலத்தைக் கொடுக்கும்போது, தேடிக்கொள் என்று சும்மா விட்டுவிடுவதில்லை. இத்தனை கிணறு தோண்டியே ஆகவேண்டும், இத்தனை ஆழம் போயே ஆகவேண்டும், உள்ளூர்க்காரர்களுக்கு வேலை பழக்க வேண்டும், ஒன்றும் கிடைக்காவிட்டால் துளையைச் சிமென்ட் போட்டு அடைத்துப் புல் முளைக்கிற நிலமாகத் திருப்பித் தரவேண்டும். எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்ட கடமைகள். அதில் ஒன்று, கிணற்றிலிருந்து எடுத்த பாறையை ஒரு துண்டுகூடக் குறையாமல், சரியாக அடையாளமிட்டு ஒப்படைப்பது. எண்ணெய் கிடைக்கவில்லை என்று ஒருவர் விட்டுப்போன இடத்தில், அடுத்து வருகிறவர் அந்தப் பாறையைப் பார்த்துத்தான் எங்கே தோண்டலாம் என்று முடிவெடுப்பார். நிறுவனம் பாறைக்கு வெறும் காவல்தான்.

அந்தக் காவலின் காவல் பெட்டியம்மா. இருநூற்றேழு பெட்டிகள்.

---

ஒன்பது மணிக்குத் தம்பி வந்தான். கோட்டு அணிந்துகொண்டு, கையில் ஒரு பூதக்கண்ணாடியும் படிவக் கட்டும்.

"வணக்கம் மேடம்" என்றான்.

"வாங்க சார்" என்றாள்.

நடுவில் நின்ற அவசரம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவசரம் என்பது அவர் பெயரல்ல. பாரந்தூக்கி வண்டி ஓட்டுகிறவர். வண்டியிலிருந்து இறங்கவே ஐந்து நிமிடம் எடுத்துக்கொள்வார் என்பதால் முற்றத்து ஆட்கள் வைத்த பெயர். இருபது வருடமாக நிறுவனத்தில் இருக்கிறார், முதலில் கிணற்றடியில், பிறகு இந்தக் கிடங்கில். இன்றோடு அவருக்கும் வேலை முடிகிறது.

"ஒரே மூக்கு" என்று தனக்குள் சொல்வதுபோல் சொல்லிக்கொண்டு வண்டியைக் கிளப்பப் போனார்.

எல்லாப் பெட்டிகளையும் திறப்பதில்லை. ஆய்வாளர் மனம்போன போக்கில் பத்து எண்களைச் சொல்வார். அவை சரியாக இருந்தால் எல்லாம் சரி. தம்பி எட்டு, தொண்ணூற்றிரண்டு, நூற்று முப்பது என்று சொல்லிக்கொண்டே போனான். பத்தாவதாக நாற்பத்தொன்று என்றான்.

பெட்டி ஒவ்வொன்றும் ஒரு மீட்டர் நீளம். உள்ளே வாழைத்தண்டு போல உருண்டையான பாறை. கிணற்றின் அடியில் குழாயை இறக்கி, குடைந்து, ஒரு முறைக்கு ஒன்பது மீட்டர் எடுப்பார்கள். மேலே வரும்போதே அது பத்துப் பதினைந்து துண்டாக உடைந்திருக்கும். ஒரு துண்டைக் கையில் எடுத்துவிட்டால் எந்தப் பக்கம் மேல், எந்தப் பக்கம் கீழ் என்று யாருக்கும் தெரியாது. அதனால் வெளியே எடுத்தவுடன், துண்டுகளைப் பொருத்தி வைத்து, நீளவாக்கில் இரண்டு கோடு இழுப்பார்கள். மேல்முனையைப் பார்த்து நின்றால் சிவப்பு வலப்பக்கம், கறுப்பு இடப்பக்கம். துண்டு தலைகீழானால் சிவப்பு இடப்பக்கம் வந்து காட்டிக்கொடுத்துவிடும். ஒரே நிறத்தில் ஒரு கோடு போட்டால் அது நடக்காது. உலகம் முழுக்க இந்தத் தொழிலில் இதே வழக்கம். பெட்டியில் அடுக்குகிறவர்கள் பாறையைப் பார்ப்பதில்லை, கோட்டைத்தான் பார்ப்பார்கள்.

தம்பி பாறையைப் பார்த்தான். குனிந்து பூதக்கண்ணாடியை வைத்தவன் வெகுநேரம் நிமிரவில்லை.

"இது தலைகீழா இருக்கு."

"சிவப்பு வலப்பக்கம்தானே இருக்கு?"

"கோடு சரிதான். பாறை தலைகீழா இருக்கு."

அவன் சொன்னது அவளுக்குப் புரிந்தது. கலங்கல் தண்ணீரை ஒரு தம்ளரில் எடுத்து வைத்தால் கனமான மணல் முதலில் அடியில் தங்கும், நைசான சேறு கடைசியாக மேலே படியும். கடலுக்கு அடியில் கோடி வருடத்துக்கு முன்னால் படிந்ததும் அப்படித்தான். ஒவ்வொரு அடுக்கிலும் பருமணல் கீழே, நைஸ் மேலே. நாற்பத்தொன்றில் பருமணல் மேலே இருந்தது. ஒரு அடுக்கில் இல்லை, எல்லா அடுக்கிலும்.

பக்கத்துப் பெட்டிகளைத் திறந்தார்கள். முப்பத்தேழிலிருந்து நாற்பத்தைந்து வரை ஒன்பதும் அப்படி. முப்பத்தாறு சரி, நாற்பத்தாறு சரி. குழாயின் ஒரே ஒரு இறக்கம். கிணற்றில் எண்ணெய் கிடைக்காததால் பத்தொன்பது வருடமாக யாரும் இவற்றைத் திறந்து பார்க்கவில்லை.

பெட்டியம்மா மூடியைத் திருப்பினாள். பாறை எடுத்த தேதி அன்று பாறைக்குக் கோடு போட்ட அவள் கணவரின் கையெழுத்தில் இருந்தது. அவள் மகளின் பிறந்தநாள்.

அவள் மூடியைக் கீழே வைத்துவிட்டு, சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது என்றாள். மணி பதினொன்றரைதான்.

---

சாப்பாட்டு அறையில், ஆறு பேர் உட்காரும் மேசையில் அவள் எப்போதும் ஓரத்து இடத்தில்தான் உட்காருவாள். நடுவில் உட்கார்ந்தால் இரண்டு பக்கமும் காலியாகத் தெரியும்.

மகள் தொலைபேசியில் கூப்பிட்டாள். தொலைவில் வேறொரு நகரத்தில் படிக்கிறாள். மாமா வந்தாரா என்று கேட்டாள். வந்தான் என்றாள் அம்மா. பேசினீங்களா என்று கேட்டாள். பேசினோம் என்றாள்.

"என்ன பேசினீங்க?"

"மணலைப் பத்தி."

மகள் சிரித்தாள். பிறகு, "அம்மா, நீங்க சாப்பிடற சத்தமே கேக்கலையே" என்றாள். சாப்பிட்டாச்சு என்று சொல்லி வைத்துவிட்டு, திறக்காத டப்பாவைப் பைக்குள் போட்டாள்.

கணவர் இறந்து ஆறு வருடம். அதற்கு நாலு வருடம் முன்பு, வேறொரு கிணற்றின் அறிக்கையில் ஒரு பச்சைக் களிமண் அடுக்கைப் பழுப்பு என்று எழுதிவிட்டார். அந்த அடுக்கு ஒரு அடையாளக்கல் மாதிரி. அதைத் தவறவிட்டதால் தோண்டியவர்கள் நாற்பது மீட்டர் தாண்டிப் போய்விட்டார்கள். விசாரித்த அரசாங்க ஆய்வாளர் கோப்பில் ஒரு வார்த்தை எழுதினார்: அலட்சியம். எழுதியது தம்பி. அடுத்த மாதம் கணவர் வேலையை விட்டார். அதன்பிறகு கல் ஒன்றைக்கூடக் கையில் எடுக்கவில்லை. கேட்டால், பழக்கம் விட்டுப்போச்சு என்பார்.

அக்கா புருஷன் என்றுகூடப் பார்க்காமல் அந்த வார்த்தையை எழுதியவனோடு என்ன பேச்சு?

---

மூன்று மணிக்கு அந்தச் சன்னலில்லாத அறையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். படிவத்தில் "குறை" என்ற கட்டத்தைத் தம்பி நிரப்பியிருந்தான். அடுத்த கட்டம் "காரணம்".

நான்கு மணிக்குள் படிவத்தில் முத்திரை விழவேண்டும். காரணம் தெரியவில்லை என்று எழுதினால், ஒன்பது பெட்டி தவறியது போல மற்றவையும் தவறியிருக்கலாம் என்ற சந்தேகம் இருநூற்றேழு பெட்டிக்கும் பரவும். ஒப்படைப்பு செல்லாது, எல்லாவற்றையும் திறந்து துண்டு துண்டாகப் பார்க்க மூன்று மாதம் பிடிக்கும். காரணம் தெரிந்து, அது இந்த ஒன்பதோடு நின்றுவிட்டது என்று காட்ட முடிந்தால் ஒரு திருத்தக் குறிப்பு போதும்.

தம்பி பேனாவைச் சுழற்றிக்கொண்டிருந்தான். "தேதியை நானும் பார்த்தேன்" என்றான். "குழந்தை பிறந்த அன்னிக்கு. மனுஷனுக்குக் கவனம் எங்க இருக்கும்? அன்னிக்கு ஒரு நாள் கவனக்குறைவுன்னு எழுதினா முடிஞ்சுபோச்சு மேடம். யாரும் மேல கேக்க மாட்டாங்க."

"கவனக்குறைவு."

"ஆமா."

"அலட்சியத்துக்கு அது என்ன, தங்கச்சியா?"

அவன் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அசையாமல் உட்கார்ந்தான். அவளும் அசையவில்லை. படிவத்தில் காலியாக இருந்த கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுதிவிடலாம். இறந்தவருக்கு வலிக்கப்போவதில்லை. ஆனால் மகள் பிறந்த நாளைச் சாக்காக வைத்து, மனிதரை இரண்டாம் முறை அதே வார்த்தையால் புதைக்க வேண்டும். உண்மையை எழுதினால் அவர் கட்டிக்காத்த ரகசியம் போய்விடும். யாரிடமும் சொல்லாதே என்று அவர் கேட்டுக்கொண்ட ஒரே விஷயம் அது.

விளக்கு அணைந்தது.

தம்பி திடுக்கிட்டு எழப்போனான். "இருக்கட்டும்டா" என்றாள். டா என்பது அவள் வாயிலிருந்து வந்ததை இருட்டில் இருவரும் கேட்டார்கள். "இப்படியே இருக்கட்டும். சொல்லிடறேன்."

சொன்னாள். வேலையில் சேருமுன் நடந்த கண் பரிசோதனையில்தான் அவரை முதலில் பார்த்தது. வண்ணப் புள்ளிகளுக்கு நடுவே ஒளிந்திருக்கிற எண்ணைப் படிக்கச் சொல்லும் புத்தகம். வரிசையில் அவளுக்குப் பின்னால் நின்றவர், தனக்கு அந்தப் புத்தகத்தில் புள்ளிதான் தெரியும் என்று மெதுவாகச் சொன்னார். சிவப்பு அவர் கண்ணுக்குக் கறுப்புக்குப் பக்கத்தில். பாறையில் இருக்கிற மற்ற எல்லாவற்றையும் அவர் விரலாலேயே படித்துவிடுவார். அவள் உள்ளே போய் வந்து, பக்கம் பக்கமாக எண்களைத் தன் உள்ளங்கையில் எழுதிக் காட்டினாள். அவர் தேறிவிட்டார்.

பிறகு கல்யாணம். கிணற்றடியில் அவளுக்கு மாதிரி அறையில் வேலை. ஒவ்வொரு முறை குழாய் மேலே வருமுன்பும் சிவப்புப் பேனாவில் ஒரு ரப்பர் வளையம் மாட்டி வைப்பாள். வளையம் உள்ளது சிவப்பு. அவர் தடவிப் பார்த்து எடுத்துக்கொள்வார். யாருக்கும் தெரியாது.

"அன்னிக்கு நான் பிரசவத்துக்குப் போயிட்டேன். புதுப் பேனாப் பெட்டி பிரிச்சிருக்காங்க. அவ்வளவுதான் நடந்தது. அவர் அலட்சியமா இருந்ததே இல்லை. அவரை மாதிரி பயந்து பயந்து வேலை செஞ்ச ஆளை நான் பார்த்ததில்லை. இது தெரியாம நீ ஒரு வார்த்தையை எழுதி அந்த மனுஷனை..."

இருட்டில் தம்பி மூச்சு விடுவது கேட்டது.

"கண்ணு விஷயம் எனக்குத் தெரியும்க்கா."

அவன் நிறுத்தாமல் தொடர்ந்தான்.

"பத்து வருஷமாத் தெரியும். காரணம்னு என்ன எழுதட்டும்னு மாமாகிட்ட கேட்டேன். கண்ணைப் பத்திச் சொன்னார். அதையே எழுதிடறேன், அலட்சியத்தைவிட அது கௌரவம்னேன். வேணாம்டான்னார். கண்ணுன்னு எழுதினா, அப்ப பரிசோதனையில எப்படித் தேறினேன்னு அடுத்த கேள்வி வரும், அந்தக் கேள்விக்கு பதில் உங்கக்கா, அவ வேலையும் போயிடும், அலட்சியம்னே எழுதுன்னார். உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு என் தலையில அடிச்சுச் சத்தியம் வாங்கிட்டார்."

எத்தனை தீபாவளி, எத்தனை கல்யாணம் என்று கணக்குப் பார்க்கிற மனம் அவளுக்கு இல்லை. இறக்கும்வரை நாலு வருடம் ஒரே வீட்டில், ஒரே மேசையில், கணவர் எதிரே உட்கார்ந்து தம்பியை அவள் திட்டியதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். சில சமயம், போதும் விடு, அவன் வேலையை அவன் செஞ்சான் என்பார். அதற்கும் அவரோடு சண்டை போட்டிருக்கிறாள். மூவரும் ஆளுக்கொரு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, ஒருவரை ஒருவர் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

அவள் கையைத் தூக்கினாள். விளக்கு எரிந்தது. தம்பியின் முகத்தைப் பார்க்காமல் படிவத்தை இழுத்து எழுத ஆரம்பித்தாள். கண், உள்ளங்கை, ரப்பர் வளையம், பிரசவம். ஒன்றையும் விடவில்லை. கட்டம் போதாமல் பின்பக்கம் திருப்பினாள்.

"உனக்கு விசாரணை வரும்க்கா."

"வேலையே இன்னியோட முடியுது. வந்தா வரட்டும்."

"எனக்கும் வரும். தெரிஞ்சும் மறைச்சேன்னு நானும் ஒரு வரி எழுதணும்." எழுதினான். அவளுடையதைவிட நேரான கையெழுத்து, எப்போதும் அப்படித்தான்.

"நீ சொல்றதுக்கு ஆதாரம் ஏதாவது இருக்கா?" என்று பிறகு கேட்டான். ஆய்வாளர் கேட்டேயாக வேண்டிய கேள்வி.

இருந்தது. மை தீர்ந்த பேனாக்களைக் கணவர் எறியமாட்டார். ஒவ்வொரு இறக்கத்தின் கடைசிப் பெட்டியிலும் ஓரத்தில் கொஞ்சம் இடைவெளி மிஞ்சும். துண்டுகள் ஆடாமலிருக்கப் பேனாக்களை அதில் செருகிவிடுவார்.

கிடங்குக்குப் போனார்கள். அவசரம் பெட்டிகளை இறக்கிக் கொடுத்தார். நான்காவது இறக்கத்தின் கடைசிப் பெட்டி, முப்பத்தாறு. ஓரத்தில் இரண்டு பேனா. சிவப்பின் கழுத்தில் ரப்பர் வளையம் உருகி, பிசுபிசுப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது. பெட்டியம்மா அதை விரல் நுனியால் தொட்டுப் பார்த்தாள். அடுத்த இறக்கத்தின் கடைசி, நாற்பத்தைந்து. இரண்டு பேனாவும் மொட்டையாக இருந்தன. சொன்னது சொன்னபடியே இருந்தது. தம்பி குறித்துக்கொண்டான்.

"நாற்பத்தாறுக்கு மேல?"

அவள் நின்றுவிட்டாள். இதை அவள் யோசித்திருக்கவில்லை. பிரசவத்துக்குப் பிறகு அவள் கிணற்றடிக்குத் திரும்பவே இல்லை. மூன்று மாதம் கழித்து இந்தக் கிடங்கில்தான் வந்து சேர்ந்தாள். மீதி நூற்று அறுபத்திரண்டு பெட்டிப் பாறைக்கும் கோடு போட்டபோது பக்கத்தில் அவள் இல்லை. ஆனால் காலையில் திறந்தவை எல்லாம் சரியாக இருந்தனவே.

தம்பி இன்னும் ஏழு பெட்டியைத் திறக்கச் சொன்னான். எல்லாவற்றிலும் பருமணல் கீழே, நைஸ் மேலே. ஒன்றுகூடப் பிசகவில்லை. மணி மூன்று ஐம்பத்திரண்டுக்கு, "திருத்தக் குறிப்புடன் ஏற்கப்பட்டது" என்று முத்திரை குத்தினான். நிறுவனத்தின் கடைசிக் கடமை தீர்ந்தது.

"அக்கா" என்றான். "வீட்டுக்கு வரட்டுமா, சாயங்காலம்?"

"வா" என்றாள். அவள் கண் வேறெங்கோ இருந்தது. ஆறாவது இறக்கத்தின் கடைசிப் பெட்டி, ஐம்பத்துநான்கு. அதன் மூடியை அவளே தூக்கினாள்.

ஓரத்தில் இரண்டு பேனா. சிவப்பின் கழுத்தில் ரப்பர் இல்லை. நீல நூல். நான்கு சுற்றுச் சுற்றி, நுனி வெளியே தெரியாமல் உள்ளே செருகி, இழுத்தால் இன்னும் இறுகுகிற முடிச்சு. விரலால் தடவினால் தெரியும்படி முடிச்சை மேல்பக்கமாக வைத்திருந்தார்கள். பத்தொன்பது வருடத்தில் அது துளியும் தளரவில்லை.

மூடியில் இருந்த தேதி, மகள் பிறந்த மூன்றாம் நாள்.

"இது நீ கட்டினதா?"

"எனக்கு அப்போ எதுவுமே தெரியாதுக்கா. அந்த வருஷம் நான் வேலையிலேயே சேரலை."

அவருக்கு முடிச்சுப் போடத் தெரியாது. ஷூ நாடாவைக்கூட அவள்தான் கட்டிவிடுவாள். இருபத்தைந்து வருடம் தான் ஒருத்தி மட்டும் காவல் காத்ததாக நினைத்த இடத்தில், வேறு ஒரு கை இருந்திருக்கிறது. அவர் அதைப் பற்றி ஒருநாளும் சொன்னதில்லை. பெட்டியம்மாவுக்குக் கோபம் வரவில்லை. கிடங்கு திடீரென்று பெரிதாகிவிட்டது போலிருந்தது.

பெட்டியில் இருப்பதெல்லாம் இனி அரசாங்கத்துடையது. பேனாவைத் திருப்பி வைக்கத்தான் வேண்டும். வைக்குமுன் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

"இந்த மாதிரி முடிச்சு யார் போடுவாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று அவசரத்தைக் கேட்டாள். "அப்போ நீங்க கிணத்தடியிலதானே இருந்தீங்க?"

அவசரம் நூலைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். நீல நூலில் அதே முடிச்சுப் போட்டுக் கோத்திருந்த வண்டிச் சாவியைத் தம்பியின் கையில் திணித்துவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார். இருபது வருடத்தில் அவர் அவ்வளவு வேகமாக நடந்து அவள் பார்த்ததில்லை.